பழைய மில்லுக்குள்ளே குடித்தனம்: தங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்க

ஒண்டிப்புதூர்க்காரர்:

மகள் குடும்பம் மான்செஸ்டரில், ஆன்கோட்ஸ் என்கிற பகுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் நூல் மில்லாக இருந்த கட்டடம். அதைத் தடுத்துத் தடுத்து வீடாக்கி, லாஃப்ட் அபார்ட்மென்ட் என்று விற்கிறார்கள். வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டே வளர்ந்தவன், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினுக்குப் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். அசல் மான்செஸ்டரில் மில்லுக்குள்ளேயே பாய் விரிப்பேன் என்று யார் கண்டது!

மாப்பிள்ளை ஆளுயர ஜன்னலையும் பூசாத செங்கல் சுவரையும் காட்டினார். என் கண் போனது தூணுக்கு. வார்ப்பிரும்புத் தூண், மேலே ஒரு பக்கம் மட்டும் தட்டையாக வார்த்து போல்ட் ஓட்டை விட்டிருக்கிறார்கள். மெஷின்களை ஓட்ட மேலே நீளமாகச் சுழலும் இரும்புத் தண்டான லைன் ஷாஃப்டைத் தாங்கிய பிராக்கெட் உட்கார்ந்த இடம் அது. அடுத்த தூணிலும் அதே உயரத்தில் ஓட்டை, அதற்கடுத்த தூணிலும். சோபாவுக்கு மேலே, அடுப்பு மேடைக்கு மேலே என்று போய், தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொருவர் வீட்டுக்குள் நுழைகிறது அந்த வரிசை. எத்தனையோ கோட் பெயிண்ட் ஏறியும் மறையவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்புச்சி, அதுக்குள்ள என்ன தேடறீங்க?" என்றாள் பேத்தி.

அங்கே இருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. நம்மூர் மில்கள் ஏன் இப்படி வீடாவதில்லை? ரசனை இல்லை, பழசை மதிக்கத் தெரியாது என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். எனக்கென்னவோ காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது என்று படுகிறது.

அங்கே எல்லாம் நீராவி. பக்கத்திலிருக்கும் மர்ரே மில்லின் முதல் கட்டடம் 1798-லேயே எழுந்தது. கீழே ஒரு இன்ஜின். அதிலிருந்து நெட்டுக்குத்தாக ஒரு ஷாஃப்ட் மாடி மாடியாக ஏறும். ஒவ்வொரு தளத்திலும் பல்சக்கரம் வைத்து அந்த ஓட்டத்தைப் படுக்கை ஷாஃப்டுக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரே இன்ஜின் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டுமென்றால் மெஷினைத் தரையில் பரப்புவதைவிட மாடியில் அடுக்குவதுதான் லாபம். கரண்ட் வராத காலம் வேறு. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் கட்டடம் ஒடுக்கமாக, இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். ஒடுக்கம், உயரம், ஊரெல்லாம் ஜன்னல்: வீடு கட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டாலும், மில்கள் புற்றீசலாகக் கிளம்பியது 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு. கரண்ட் கம்பியை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். நிலமும் அன்றைக்கு மலிவு. நான் வேலை பார்த்த ஷெட் ஒரே தளம், ரம்பப் பல் மாதிரிக் கூரை, வடக்குப் பார்த்த கண்ணாடி. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது என்று சொல்லலாம். அதை வீடாகத் தடுத்தால் நடு வீட்டுக்காரர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். கடைக்கு ஜன்னல் தேவையில்லை. அதனால்தான் 1910-ல் தொடங்கிய லட்சுமி மில் வளாகத்தில் இன்று கடையும் ஓட்டலும் பொருந்திப் போகின்றன. மற்ற இடங்களில் ஷெட்டைவிட அது நிற்கும் ஏக்கருக்குத்தான் விலை. இடிக்காமல் என்ன செய்வார்கள்?

வீடு எப்படி என்றால், பார்க்க அழகு. சமையலறைக்குக் கதவில்லை, மேலே மச்சு மாதிரி இருக்கும் படுக்கைக்கும் கதவில்லை. சம்சாரம் ரசம் தாளித்தால் வாசம் தலையணை வரைக்கும் ஏறும். பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதனால் குளிர் உள்ளே வருகிறதே என்று ஜன்னலை மாற்ற நினைத்தால் அதற்குக் கவுன்சில் அனுமதி வாங்க வேண்டும். வாங்குகிறவருக்கும் கிடைப்பது நீண்ட காலக் குத்தகைதான், மண் சொந்தமில்லை. நம்மாட்கள் யு.டி.எஸ்., அதாவது மண்ணில் நம் பங்கு, எத்தனை செண்ட் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பார்களா?

ரேஸ்கோர்ஸ் பக்கத்திலிருந்து, சிவில் இன்ஜினியர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இங்கே ஒருவர் தன் தாத்தா காலத்துப் பஞ்சு குடோனை அந்த மாதிரி வீடாக்கித் தரச் சொன்னார். போனில் படம் காட்டி, பூச்சை உரித்துவிடுங்க, செங்கல் தெரியணும் என்றார். வேண்டாங்க என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நம்மூர்ப் பழைய செங்கல் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருக்கவென்றே சுட்டது, மெதுவானது. உரித்ததும் நகம் பட்டாலே பொடி கொட்டியது. தினமும் காலையில் பெருக்கினால் ஒரு முறம் செம்மண். கடைசியில் திரும்பப் பூசினோம்.

அப்போதும் வந்த கொத்தனார் சிமென்டைத்தான் குழைத்தார். நிறுத்தச் சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் பூச்சு உப்பிக் கழன்று விழும். பழைய கட்டடத்தில் கை வைக்கிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நீங்களே உடைத்து இறக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சிங்காநல்லூரிலிருந்து:

எங்கப்பா மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் நைட் ஷிப்ட். காலையில் வந்தால் புருவத்திலெல்லாம் பஞ்சு. அந்த இருமலைக் கேட்டு வளர்ந்த எனக்கு, மில்லுக்குள் குடியிருக்கக் காசு கொடுப்பார்கள் என்பதே நம்ப முடியவில்லை. சித்தப்பா மாதிரி நினைத்துக் கேட்கிறேன், தூக்கம் வந்துச்சுங்களா? அப்புறம், பால்கனி இல்லை போலிருக்கே, துணி எங்கே காயப் போட்டீங்க?

ஒண்டிப்புதூர்க்காரர்:

தூக்கம் வந்துச்சும்மா, சத்தமே இல்லாததுதான் முதலில் ஒரு மாதிரி இருந்தது. அங்கேயும் உங்கப்பா மாதிரி எத்தனை பேர் இருமியிருப்பார்கள். அதையெல்லாம் விளம்பரத்தில் போட மாட்டார்கள். துணிதான் பெரிய பாடு. வெளியே தொங்கவிடக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதாம். மடக்கு ஸ்டாண்டை ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயப்போட்டோம். என் வேட்டிக்கு அந்த ஸ்டாண்ட் நீளம் பத்தாமல், சம்சாரம் ஒரு முனையை அந்தத் தூணில் கட்டிவிட்டாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.