மறுமொழி: 'ஃபுல் செல்', 'எம்ட்டி செல்', 'கிக்பேக்': தமிழில்?

வணக்கம்.

ரயில் சிலிப்பர் கட்டைக்குக் கிரியோசோட் எண்ணெய் (மரம் உளுத்துப்போகாமல் காக்கும் தார் எண்ணெய்) ஏற்றிய ஆலைகளைப் பற்றிய கட்டுரைக்காகச் சொல் தேடுகிறோம். எண்ணெய் ஏற்றும் இரு முறைகளான 'ஃபுல் செல்', 'எம்ட்டி செல்' இரண்டுக்கும் நேற்று வந்த 'நிறையறை', 'வெற்றறை' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் 'வெற்றறை' என்றால் எண்ணெயே ஏறாத மரம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்ற முறையில், கட்டைகளை இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவடைத்து, முதலில் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். பிறகு சூடான எண்ணெயை அழுத்தி ஏற்றினால், மரம் குடித்ததில் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். இது 'ஃபுல் செல்'. 1902-இல் மாக்ஸ் ரூப்பிங் இதைத் தலைகீழாக்கினார்; அது 'எம்ட்டி செல்'. முதலில் காற்றை உள்ளே அடைத்து, அதன்மேல் எண்ணெயை ஏற்றினார். அழுத்தத்தை விட்டதும் சிக்கிய காற்று விரிந்து உபரி எண்ணெயை வெளியே தள்ளும்; இதுதான் 'கிக்பேக்'. செல்சுவர்களில் படிந்தது மட்டும் தங்கும். எண்ணெய்ச் செலவு மிச்சம்.

பால் குடித்த குழந்தை கக்குவதும் இப்படித்தான்: பாலோடு விழுங்கிய காற்று, வெளியே வரும்போது பாலையும் கொண்டுவரும். எனவே கிக்பேக் 'கக்கல்'. முறைகள்: 'நிறையூட்டு முறை', 'கக்கல் முறை'. சாயம் ஊட்டுகிறோமே, அந்த ஊட்டு.

'பிளீடிங்'கையும் இதே சொல்லில் அடக்க வேண்டாம். கக்கல் மூடிய உருளைக்குள் நடப்பது, வேண்டியே செய்வது. பிளீடிங், அடுக்கி வைத்த கட்டையிலிருந்து வெயிலில் எண்ணெய் வெளியேறுவது. இந்தியாவின் ஒலவக்கோடு, தில்வான், கிளட்டர்பக்கஞ்ச், நஹர்கட்டியா ஆலைகளில் ஏற்றியிறக்கிய தொழிலாளியின் தோளுக்கும் கைக்கும் அதுதான் வந்து சேரும். கிரியோசோட் பட்ட தோலில் வெயிலும் பட்டால் எரிந்து சிவந்துபோகும். ஆண்டுக்கணக்கில் பட்டால் தோல் புற்றுநோய்வரை போகலாம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், எது ஆலையின் ஆதாயம், எது ஆளின் காயம் என்பது தெரியாமல் போய்விடும். பிளீடிங்குக்கு 'வழிதல்' என்கிறேன்.

அன்புடன்.

——

ஐயா, வணக்கம்.

'கக்கல்' கொச்சை என்று முன்பு ஒரு மடலில் வந்தது. 'கக்குவான் இருமல்' பாடநூலிலேயே இருக்கிறதே! எனக்குச் சம்மதம். 'வழிதல்' மட்டும் தனியாக நின்றால் தொட்டி நிரம்பி வழிவதாகப் படும். 'எண்ணெய் வழிவு' என்று பெயராக்கிவிடலாமா? மறுப்பு இல்லையென்றால் எல்லாச் சொற்களையும் இன்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.