ஃபிரீசரில் உறையாத தண்ணீர், வெளியே எடுத்துத் தட்டியதும் உறைவது ஏன்?

கேள்வி:
வீட்டு ஃபிரீசரில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை அருகருகே வைக்கிறேன். குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்த பாட்டில் கட்டியாகிவிடுகிறது. மூடி திறக்காத குடிநீர் பாட்டிலோ சில நேரங்களில் தண்ணீராகவே இருக்கிறது. ஆனால் அதை எடுத்து மேசையில் சற்று வேகமாக வைத்தாலே வெண்மை பரவி, சில நொடிகளில் முழுவதும் உறைந்துவிடுகிறது. தண்ணீரில் ஏதேனும் கலந்திருக்குமோ? குழந்தைகளும் குடிப்பதால் கேட்கிறேன்.

பதில் 1:
கலப்படம் என்று அஞ்ச வேண்டாம். 0 டிகிரி செல்சியஸ் என்பது பனிக்கட்டியும் நீரும் சேர்ந்திருக்கக்கூடிய வெப்பநிலை. அதற்குக் கீழே இறங்கியதுமே நீர் உறைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ள ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். தானாகத் தோன்றும் மிகச் சிறிய படிகங்கள் நிலைக்காமல் மீண்டும் கரைந்துவிடுகின்றன. குழாய்த் தண்ணீரில் உள்ள தூசியோ பாட்டிலின் உட்சுவரில் உள்ள கீறலோ அந்தப் புள்ளியாக அமையும். நன்கு வடிகட்டிய தண்ணீரில் அது குறைவு என்பதால், 0 டிகிரிக்குக் கீழேயும் அது உறையாமல் இருக்கிறது; நீங்கள் தட்டும் அதிர்ச்சி உறைதலைத் தொடங்கிவைக்கிறது. இப்படி 0 டிகிரிக்குக் கீழேயும் நீர் உறையாமல் இருப்பதை மீக்குளிர்வு என்பார்கள். இயற்பியலாளர் ஃபாரன்ஹீட் 1724-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்; மேகங்களில் உள்ள நுண்துளிகள் ஏறக்குறைய -38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இது தண்ணீரின் தரத்துக்குச் சான்று ஆகாது. கிருமிகளோ கரைந்த உப்புகளோ உள்ளனவா என்பதை ஆய்வகப் பரிசோதனைதான் சொல்லும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இன்னொரு ஐயம்: அப்படி உறைந்த பாட்டிலைச் சாய்த்தால் கூழ் போல ஊற்ற வருகிறதே, குழாய்த் தண்ணீரைப் போல ஏன் இறுகவில்லை?

பதில் 2:
பாட்டில் முழுவதும் வெண்மையாகத் தெரிந்தாலும் உண்மையில் உறைந்தது சிறு பகுதியே. ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். உங்கள் தண்ணீர் -6 டிகிரியில் இருந்ததாகக் கொண்டால், கிராமுக்கு 25 ஜூல் வெப்பம் வெளிவந்ததுமே அது 0 டிகிரிக்கு ஏறிவிடும். அந்த வெப்பத்தைத் தர நூற்றில் ஏழெட்டுப் பங்கு உறைந்தாலே போதும் என்பதால், ஒரு லிட்டரில் 75 கிராம் அளவே பனிக்கட்டியாகி, மெல்லிய ஊசிகளாக எங்கும் பின்னிக்கொள்கிறது. எஞ்சியதும் இறுக வேண்டுமானால், பாட்டிலை மறுபடி ஃபிரீசரில் வைத்து மிச்ச வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

அப்படி வைக்கும்போது பாட்டிலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் விட்டு வையுங்கள். உறையும் நீர் கன அளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். கண்ணாடி பாட்டிலை மட்டும் எந்த நிலையிலும் ஃபிரீசரில் வைக்காதீர்கள்.