மீட்டியார் 350 வடிவமைப்பு பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கும் பிள்ளைகளுக்காக ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 எப்படி உருவானது என்று தமிழில் விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்ம சென்னையில் தயாராகி உலகம் முழுக்க ஓடும் வண்டி, ஆனால் தமிழில் படிக்க அதிகம் கிடைப்பதில்லை.

2020 நவம்பரில் வந்த இந்த க்ரூசருக்கு (நெடுந்தூரம் சொகுசாக ஓட்டும் வகை வண்டி) 1950களில் இங்கிலாந்தில் ஓடிய மீட்டியாரின் பெயர். எனக்கு முக்கியமாகப் படுவது இன்ஜின்தான். இதே கம்பெனியின் பழைய தண்டர்பேர்டு வண்டியின் 346 சிசி இன்ஜினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 90. மீட்டியாரில் 72, 85.8. புஷ்ராடை (வால்வைத் திறக்கக் கீழிருந்து தள்ளும் கம்பி) எடுத்துவிட்டு கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏற்றினார்கள், அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட் (எதிர் எடையோடு சுழலும் தண்டு) வைத்தார்கள். ஆனாலும் ஸ்ட்ரோக்கை நீளமாகவே விட்டதால் அந்த 'டப் டப்' சத்தம் போகவில்லை. இந்த முடிவை எடுத்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்! உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி வடிவ டேங்க் எல்லாம் பழைய சாயல். மீட்டர் பக்கத்திலேயே வழிகாட்டும் குட்டி டிஜிட்டல் வட்டம் மட்டும் புதுசு.

எனக்கு வேண்டியது இதுதான். வண்டி வடிவமைப்புக்குக் களிமண் மாடல் செய்த அனுபவம் உள்ளவர்கள், டேங்கின் வளைவைக் களிமண்ணிலிருந்து தகரத்துக்குக் கொண்டுபோகும் வேலையை விளக்க முடியுமா? தண்டர்பேர்டு, மீட்டியார் இரண்டையும் பிரித்து வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன்கள் யாராவது இருந்தால் பேலன்சர் ஷாஃப்டின் படம் அனுப்புங்கள். இரண்டையும் நெடுந்தூரம் ஓட்டியவர்கள், 80 கி.மீ. வேகத்தில் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கம்பி) அதிர்வு எப்படி இருக்கிறது என்று கமென்டில் சொன்னாலே போதும்.