11 ட்யூப்: மெனோபாஸுக்குப் பிறகு பிறப்புறுப்பில் அரிப்பு, வறட்சி, உங்கள் அனுபவம் என்ன?

கணக்கு டீச்சர்:
எனக்கு 54. தூரம் நின்று ஐந்து வருடம் ஆகிறது. அரிப்பு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பகலில் எப்படியோ ஓட்டிவிடலாம், ராத்திரி படுத்தால்தான் அதன் ஆட்டம்.

எங்கள் தெரு மெடிக்கலில் நிற்கிற பையன் என்னிடம் பத்தாம் வகுப்பு கணக்கு படித்தவன். "என்ன வேணும் டீச்சர்?" என்றான். பக்கத்தில் இரண்டு ஆண்கள். "தொடை இடுக்கில் படை" என்று சொல்லிவிட்டேன். ஒரு ட்யூப் கொடுத்தான். அன்று ராத்திரி, நாலு மாதத்தில் முதல் முறையாக அசந்து தூங்கினேன். அதோடு அதற்கு அடிமை. நிறுத்தினால் மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக வரும், மறுபடி ட்யூப்.

எட்டு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "இதுவரைக்கும் எத்தனை ட்யூப்மா?" நான் ட்யூப் பற்றி வாயே திறக்கவில்லை. கணக்கு டீச்சர் விரல்விட்டு எண்ணினேன். 11. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், அதோடு நல்ல வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் கலந்த ட்யூபாம் அது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது என்றார். படை என்று ஒன்று இல்லவே இல்லை, முதலிலிருந்தே வறட்சிதான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

வேப்பமரத்தடி:
அதே பொய்! நான் "வீட்டுக்காரருக்குப் படை" என்று சொல்லி வாங்கினேன். கடைக்காரர் அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் "சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு இன்றுவரை எது என்று புரியவில்லை.

பேரன் பாட்டி:
எனக்கு எஸ்ட்ரியால் க்ரீம் கொடுத்தார்கள். இரண்டு வாரம் தினமும் ராத்திரி, அப்புறம் வாரம் இரண்டு நாள். கூடவே, க்ரீமை உள்ளே வைக்க, முனையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் மாதிரி ஒரு குழல் வருமே, அதுதான் கதை.

முதலில் மூன்று வாரம் நான் அதைத் தொடவே இல்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்துவிட்டேன். புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டி என்று பொடி எழுத்தில் நிறைய. திரும்பப் போய்க் கேட்டபோது டாக்டர் விளக்கினார். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்களாம், அது வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையை வைத்துச் செய்தது. அந்தப் பயம்தான் இந்தத் தாளிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் க்ரீம் அரை கிராம், போட்ட இடத்திலேயே வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். ஒன்றும் ஆகாது என்றார்.

சரி என்று ஆரம்பித்தேன். கழுவிய குழலைக் குளியலறை ஜன்னலில் காயவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய சம்பந்தி வீட்டார். நாலு வயசுப் பேரன் அதில் தண்ணீர் நிரப்பி எல்லார் மேலும் பீச்சிக்கொண்டு ஹாலுக்கு வருகிறான். சம்பந்தியம்மா மடியிலும் தெளித்தான். அந்த அம்மா அதை வாங்கி, ஒரு நொடி உற்றுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். சாயங்காலம் கிளம்பும்போது என் கையில் வைத்து அழுத்திவிட்டு, "எனக்கும் பேரு எழுதிக் குடுங்க" என்றார்.

அரிப்பு ஆறாவது வாரம் குறைந்தது.

சித்தமும் சுகமும்:
எனக்கும் 50 வயதில் வந்தது, சரியானது. இதற்குப் போய் ஹார்மோன் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. இது முழுக்க உடம்புச் சூடு. தூரம் நின்றதும் ரத்தம் வெளியேறாமல் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், தலைக்கு மட்டுமல்ல, தொப்புளிலும் உள்ளங்காலிலும். இரவே வெந்தயம் ஊறவைத்துக் காலையில் மோரில் கலந்து வெறும் வயிற்றில். சோற்றுக் கற்றாழையை ஏழு தடவை கழுவி, கசப்பு போனபின் மட்டும் சாப்பிட வேண்டும், பலர் மூன்று தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். கத்தரிக்காய், கருவாடு, அன்னாசிப்பழம் கூடாது. சிக்கனை நினைக்கவே கூடாது. வேப்பிலையும் படிகாரமும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் காலை மாலை உள்ளே வரை கழுவுங்கள். பருத்தி உள்ளாடை, வெயிலில் காயவைத்தது. மகள், மருமகளுக்கும் இப்போதே பழக்கிவிடுங்கள். 48 நாள் செய்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
மேலே எழுதியவருக்கு. எண்ணெய்க் குளியல், மோர், பருத்தி உள்ளாடை எல்லாம் சரி, உங்கள் விருப்பம். உள்ளே கழுவச் சொன்னதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். படிகாரம் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். வறண்டு வெடித்த நிலத்தில் யாராவது படிகாரம் போடுவார்களா?

தூரம் நிற்பதால் ரத்தம் எங்கேயும் தேங்குவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதனால் அந்த இடத்தின் தோல் மெலிகிறது, ஊறும் நீர் குறைகிறது. அந்தத் தோலில் இருக்கிற சர்க்கரைச் சத்தைத் தின்றுதான் நல்ல பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து காவல் காக்கும். தீனி குறைந்தால் காவலும் போகும். அரிப்போடு அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதும் இதனால்தான். 2014இல் இந்தப் பிரச்சினைக்குப் பெயரையே மாற்றினார்கள், சிறுநீர்த் தொல்லையும் இதன் பாகம்தான் என்று சேர்த்து. முகம் சூடாகி வியர்க்கிறதே, அது பெரும்பாலும் சில வருடங்களில் தணிந்துவிடும். வறட்சி தானாகப் போகாது.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது வருடம் வார்டில் இருந்தேன். ஒரு அம்மா, கட்டட வேலை செய்பவர், என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக "சிஸ்டர், அடியில் மிளகாய் வைத்த மாதிரி எரியுது" என்றார். நான் ரிஜிஸ்டரில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வயசானா அப்படித்தான்மா, சோப்பு போட்டுக் கழுவு" என்றேன். சோப்பு! அந்த அம்மா "சரிங்க சிஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு 52இல் எரிந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கும்பிடுதான்.

லெட்ரோசோல்:
பேரன் பாட்டி அக்கா, கோபமில்லாமல் சொல்கிறேன், "ஒன்றும் ஆகாது" என்பது உங்கள் டாக்டர் உங்களுக்குச் சொன்னது. எனக்கு மார்பகப் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜனை உடம்பில் மிச்சம் மீதி இல்லாமல் துடைக்கத்தான் இந்த லெட்ரோசோல் மாத்திரை. அதனால் வரும் வறட்சி வேறு ரகம். நடந்தாலே மணல் காகிதம்.

மாதாமாதம் செக்கப்பில் டாக்டரோடு ஐந்தாறு மாணவர்கள் நிற்பார்கள், எல்லாம் என் மகன் வயது. வாயில் வரவில்லை. ஸ்கேன் பில்லின் பின்பக்கம் எழுதி நீட்டினேன்: "பிறப்புறுப்பில் வறட்சி. சிறுநீர் போகும்போது எரிகிறது. என்ன செய்ய?" அவர் படித்துவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பி, "இந்த மாத்திரை எடுக்கிற எல்லாரையும் இதை நாமதான் முதல்ல கேட்டிருக்கணும், நானும் கேட்கலை" என்றார். ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர் ஜெல்தான் முதலில், வாரம் மூன்று நாள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது போதாவிட்டால் மட்டும் மற்றதைச் சேர்ந்து யோசிப்போம் என்றார். அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேரன் பாட்டி:
மன்னிச்சுக்கோம்மா. எனக்குச் சொன்னதை ஊருக்கே சொல்லிவிட்டேன்.

சுகர் 9 வருஷம்:
எனக்கு எல்லாரும் மெனோபாஸ் மெனோபாஸ் என்றார்கள். சுகருக்குப் புதிதாக டபாக்ளிஃப்ளோசின் ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மாத்திரை. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை, தாங்க முடியாத நமைச்சல். பூஞ்சைத் தொற்று. ரேஷன் கடை வரிசையில் நின்றவள் சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன், கார்டைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டு. பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, மாத்திரையையும் மாற்றினார்கள், பத்து நாளில் சரி. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தங்கைக்காக:
கணக்கு டீச்சர் பதிவைப் படித்துவிட்டு என் தங்கை தன் ஸ்டீராய்டு ட்யூபைக் குப்பையில் போடப் பார்த்தாள், அதனால் எழுதுகிறேன். அவளுக்கு அந்த இடத்தில் தோல் வெள்ளையாகி, காகிதம் கசக்கியது போல் ஆகிவிட்டது. வெண்குஷ்டம் என்று நினைத்து இரண்டு வருடம் கணவரிடம்கூடக் காட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுவாள். தோல் டாக்டர் பார்த்து லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்றார். தொற்றும் இல்லை, குஷ்டமும் இல்லை. அதற்கு மருந்தே வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான், அளவு சொல்லி மூன்று மாதம், படிப்படியாகக் குறைத்து. கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வரச் சிறிய வாய்ப்பு உண்டு என்பதால் வருடா வருடம் பார்க்கச் சொன்னார். ஆகவே டீச்சர், ட்யூப் கெட்டதில்லை. பார்க்காமல் கொடுத்ததுதான் கெட்டது.

கணக்கு டீச்சர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையன் மேல் தப்பில்லை, படை என்று சொன்னது நான்.

மொட்டை மாடி:
43இல் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். மறுநாளே மெனோபாஸ், யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்தாலே வலி என்று நான் விலக, எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் ஹாலில் பாய் போட்டார். மூன்று வருடம். ஒரு நாள் மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல், "வெறுப்பு இல்லைங்க, வலிக்குது" என்றேன். அவர் மிளகாயைப் பரப்பிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். இப்போது தேங்காய் எண்ணெய்தான். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய் தொடாதீர்கள், ரப்பர் கிழியும், தண்ணீர் வகை ஜெல் வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஒன்று விட்டுப்போனது. தூரம் நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வறட்சி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த வாரமே காட்டுங்கள்.

புதுசு:
நேற்றுதான் க்ரீம் வாங்கினேன். வீட்டில் ஆறு பேர், ஒரே பாத்ரூம். அந்தக் குழலைக் கழுவி எங்கே காயவைக்கிறீர்கள்?

பேரன் பாட்டி:
துணியில் துடைத்து, பழைய மூக்குக் கண்ணாடி டப்பாவில். பீரோ மேல் தட்டு.