குளியல் அரை மணி, ஈரம் மூன்று நாள்

அடர்ந்த முடி நாய்களை எப்படிக் குளிப்பாட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு நாய் வளர்ப்பவர்கள் சிலர் ஒருவர்பின் ஒருவராக எழுதியவை இவை.

எங்கள் நாய் பஞ்சு கோல்டன் ரெட்ரீவர், 34 கிலோ. அவனைக் குளிப்பாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும் என்று போன மாதம் வரை பெருமையடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றுவேன், நுரை பொங்கத் தேய்ப்பேன், அலசுவேன், பெரிய துண்டால் துவட்டி "போய்ப் படு" என்று அனுப்பிவிடுவேன். தடவிப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை இடது காதுக்குக் கீழே ஓயாமல் சொறிந்தான். முடியை விலக்கினால், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செக்கச்செவேலென்று கசிந்துகொண்டிருந்தது. முந்தைய இரவு அங்கே ஒன்றுமே இல்லை. கால்நடை மருத்துவர் 'ஹாட் ஸ்பாட்' என்றார். புண்ணைச் சுற்றி முடியை மழித்துக்கொண்டே, "எப்போது குளித்தான்? எப்படிக் காய வைத்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "காய்ந்தது மேல்முடிதான். விரலை அடிவரை விட்டுப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்ததில்லை.

இந்த வகை நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமாக, தண்ணீரை வழியவிடும் முடி. அடியில் பஞ்சு திணித்த மாதிரி உள்முடி. அது நனையவே நேரமாகும், காய்வதற்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் தோலோடு கிடந்து புழுங்கினால் வினை. இப்போது நான்கு துண்டுகளும் ஹேர் டிரையரும் வைத்திருக்கிறேன். குறைந்த சூடு, ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை. என் இன்னொரு கை எப்போதும் காற்றுக்கு எதிரே அவன் தோல்மீது இருக்கும். எனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். அரை மணி நேரப் பெருமை இரண்டரை மணி நேரமாகிவிட்டது.

* * *

உலர்த்துவது சரி. ஆனால் எங்கள் வீட்டில் பாதி வினை தண்ணீரைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. எங்களுடையது சமாய்ட் இன நாய், வெள்ளை மூட்டை. காதுக்குப் பின்னால் எலுமிச்சை அளவில் ஒரு சிக்கு இருந்தது. குளித்தால் இளகிவிடும் என்று நினைத்தேன். நனைந்து காய்ந்ததும் அது கம்பளித் துண்டு போல இறுகிவிட்டது, சீப்பின் ஒரு பல்கூட நுழையவில்லை. பிறகு செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: கத்தரிக்கோலை எடுத்தேன். சிக்கு இழுக்கும்போது தோலும் கூடவே மேலே வரும், அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தையல்.

இப்போதெல்லாம் முதல் நாள் மாலையே சீவி முடித்துவிடுவேன். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடையின் பின்பக்கம், வாலடி. மற்ற இடங்களை அவனே பார்த்துக்கொள்வான் என்று விட்டாலும் இந்த நான்கையும் விடுவதில்லை.

* * *

ஷாம்பு பற்றி ஒரு வார்த்தை. "நமக்கு ஒத்துக்கொள்வது அதற்கு ஒத்துக்கொள்ளாதா" என்று என் கணவர் தன்னுடையதையே போட்டார். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது; நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. ஒரு வாரம் பொடுகும் அரிப்புமாகக் கழிந்தது. நாய்களுக்கான ஷாம்புவையும் அப்படியே ஊற்றாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அடர்ந்த முடிக்குள் இறங்கும், அலசினால் சீக்கிரம் போகும். போய்விட்டது என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை அலசுங்கள்.

* * *

எங்கள் நாயின் பெயர் கரடி; நியூஃபவுண்ட்லாந்து, 62 கிலோ. கடலில் விழுந்தவர்களை இழுத்துக் கரை சேர்ப்பதற்குப் பெயர்போன இனம், விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. இவனுக்கா வெந்நீர் என்று, தோட்டக் குழாயிலிருந்து சில்லென்று வந்த தண்ணீரிலேயே முக்கால் மணி நேரம் குளிப்பாட்டினேன். அவனும் சுகமாக நின்றான்.

மறுநாள் காலை வால் ஆடவில்லை. அடிப்பகுதி இரண்டு அங்குலம் நேராக நீண்டு, அதற்குப் பிறகு அறுந்த கயிறு போலத் தொங்கியது. உட்காரப் போனான், பாதியில் முனகி எழுந்துகொண்டான். முறிந்தே விட்டது என்று நினைத்துக் கை நடுங்க வண்டியை ஓட்டினேன். மருத்துவர் வாலடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேற்று நீந்தினானா, குளிர்ந்த நீரில் குளித்தானா?" என்று கேட்டார். வாலடித் தசை பாதிக்கப்பட்டால் இப்படி வருமாம். வலிக்கு மருந்து, ஓய்வு. நான்காம் நாள் நான் கதவைத் திறந்தபோது முக்காலியிலிருந்த தேநீரை வாலாலேயே தட்டிவிட்டான். திட்ட மனம் வரவில்லை. அன்றிலிருந்து வெதுவெதுப்பான நீர்தான். வழுக்காமலிருக்கக் காலடியில் ரப்பர் விரிப்பும் போடுகிறேன்.

* * *

உதறலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல விலங்குகள் ஈரத்தை உதறுவதைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பெரிய நாய் விநாடிக்கு நான்கைந்து முறை உதறுகிறது, சுண்டெலி சுமார் முப்பது முறை. உடல் சிறியதென்றால் வேகமாக உதறினால்தான் நீர் பறக்கும். எனக்கு இதில் கிடைத்த ஒரே பயன்: உதறல் தலையிலிருந்துதான் கிளம்புகிறது. முகவாயை மெல்லப் பிடித்துக்கொண்டால் தள்ளிப்போடலாம். விட்டதும் ஓடிவிடுங்கள். முகத்தைக் கடைசியில், அதுவும் ஈரத்துணியால் மட்டும் துடைத்தால் உதறலே பாதியாகக் குறைகிறது.

* * *

பஞ்சுவின் ஆள் மீண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது என்றும் கேட்டிருந்தார்கள். நான் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. சேற்றில் புரண்டால் கணக்கு வேறு. நேற்றுதான் முறை. இரவு பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது என்று டிரையரைச் சுருட்டி வைத்துவிட்டு, சந்தேகத்துக்கு விரலை விட்டுப் பார்த்தேன். வாலடியில் இன்னும் சில்லென்று இருந்தது. டிரையரை நான் மறுபடி எடுத்ததுதான் தாமதம், கட்டிலுக்கடியில் பாய்ந்தான். முன்பாதிதான் நுழைந்தது. ஈரமான பின்பாதி வெளியே நின்றது. எனக்கு வேண்டியதும் அதுதான்.