ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத பிரவுசருக்கும் இன்னும் எழுத வேண்டுமா?

சைதைக்காரன்:
ஈக்காட்டுத்தாங்கலில் பத்துப் பேர் கம்பெனி. ரத்தப் பரிசோதனைக்கு நேரம் பதிவு செய்யும் தளத்தை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழையது சாதாரண ஃபார்ம். பிரவுசருக்குள்ளேயே ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் காலி நேரங்களை அங்கேயே காட்டும். இல்லாவிட்டால் அடுத்த பக்கமாக சர்வரிலிருந்து வரும். இப்போது ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் புதிதாக எழுதியாயிற்று. அந்தப் பழைய வழியைத் தூக்கிவிடலாம், டெஸ்டிங் பாதியாகும் என்கிறது டீம். அவர்கள் சொல்வதும் சரிதான்.

ஆனால் போன சனிக்கிழமை எழும்பூரில் தாம்பரம் வண்டி ஏறி, ஒரு கையில் கம்பியும் மறு கையில் போனுமாகத் திறந்து பார்த்தேன். நுங்கம்பாக்கத்தில் பக்கம் வந்துவிட்டது. 'பதிவு செய்' பட்டன் பச்சையாகப் பளிச்சென்று இருக்கிறது. அழுத்தினால் அசையவில்லை. சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல், அதாவது பக்கத்தின் எழுத்தும் பட்டனும், வந்துவிட்டது; அதற்கு உயிர் கொடுக்கும் ஸ்கிரிப்ட் வரவில்லை. மாம்பலம் வரை கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வந்தேன். எழுதிய எனக்கே இந்தக் கதி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஓஎம்ஆர்_ஆந்தை:
ப்ரோ, ஜாவாஸ்கிரிப்டை யார் அணைத்து வைக்கிறார்கள்? அடையாளத்தை மறைக்கும் டோர் பிரவுசரில் பாதுகாப்பை உச்சத்தில் வைத்து அதை அணைத்திருப்பவர் உங்கள் லேபுக்கு வரப்போகிறாரா? கூகுள் தேடலே 2025 ஜனவரியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் கேட்கிறது. விட்டுத் தள்ளுங்கள்.

திண்ணை:
அணைத்தவர் கணக்கு வேறு, வந்து சேராதவர் கணக்கு வேறு. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் 2013-ல் எண்ணிப் பார்த்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத வருகைகள் 1.1%. அதில் அணைத்து வைத்தவையும் வசதியே இல்லாத பிரவுசர்களும் சேர்த்து 0.2%தான். மீதி 0.9% பிரவுசரில் வசதி இருந்தும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. பழைய கணக்குதான். ஆனாலும் நுங்கம்பாக்கத்தில் நீங்கள் நின்றது அந்த 0.9-ல்.

எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டாம். பட்டனை ஃபார்முக்குள் வைத்து, அது போய்ச் சேர ஒரு முகவரி கொடுங்கள். ஸ்கிரிப்ட் வருவதற்குள் அழுத்தினாலும் பிரவுசரே அனுப்பிவிடும். ஒரே நேரத்தை இரண்டு பேர் பிடிக்காமல் பார்ப்பது எப்படியும் சர்வர் வேலைதானே?

சைதைக்காரன்:
நன்றி அண்ணே, செய்து பார்த்தேன். ஒன்றரை நாள் பிடித்தது. ஸ்கிரிப்ட் வராதபோது அழகான காலண்டர் போய், வெறும் தேதிப் பட்டியல்தான். இருக்கட்டும். ஆந்தை சொன்னபடி ரிப்போர்ட் வரைபடங்களை ஜாவாஸ்கிரிப்டுக்கே விட்டுவிட்டேன், அதை யாரும் ரயிலில் நின்றுகொண்டு பார்ப்பதில்லை.

ஸ்கிரிப்ட் இல்லாமல் லேப் இருக்கும் இடத்தைக் காட்டும் மேப்தான் வரவில்லை. அதற்கடியில் 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து' என்று எழுத்திலேயே போட்டேன். மேப் வருகிறவர்களும் அதைப் படித்துத்தான் வருகிறார்களாம், ரிசப்ஷன் அக்கா சொன்னார்.