பிரிமியோ வாங்க முதல்: சிவிடி உதறலை எப்பிடிச் சோதிக்கிறது?

2012 டொயோட்டா பிரிமியோ, 1500 சிசி, சிவிடி கியர் (பல்லுச் சில்லுக்குப் பதிலா பெல்ட்–புல்லியால வேகத்தை மாத்திற ஓட்டோ கியர்), 118,000 கிமீ ஓடினது. யாழ்ப்பாணம் கோண்டாவிலில விலைக்கு நிக்குது. எஞ்சின் சூடேறின பிறகு, 20–40 கிமீ வேகத்தில மெல்ல அக்சிலேட்டரை மிதிக்கேக்க கார் உதறுது. காலமை முதல் ஸ்டார்ட்டில இல்லை. நியூட்ரலில ரேஸ் பண்ணினாலும் இல்லை.

ரெண்டு கிழமையாப் பாக்கிறம். ஸ்கானரில பிழைக் கோட் ஒண்டும் வரேல்லை. உரிமையாளற்ர சம்மதத்தோட நாலு பிளக்கும் மாத்தி, த்ரொட்டில் கழுவி, எஞ்சின் மவுண்டும் பாத்தாச்சு. உதறல் அப்பிடியே. சிவிடி ஒயில் கறுத்துப் போச்சு. எப்ப மாத்தினது எண்டு பதிவில்லை. எங்கட உப்புக்காத்துக்கு அடிப்பக்கம் இவ்வளவு துருவில்லாமல் கிடைக்கிறது அபூர்வம், அதாலதான் விட மனமில்லை.

முற்பணம் குடுக்க முதல், இது பழைய ஒயிலாலயோ, பெல்ட்–புல்லி தேஞ்சதாலயோ எண்டு கியர்பொக்ஸைக் கழட்டாமல் எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?